ஓட்டை இதயத்தில், சிக்கல் ரத்தத்தில்

தரமணியில் டைடல் பார்க்குக்கு அருகே, ஐ.டி. நிறுவனப் பேருந்துகள் ஓயாமல் போய்வரும் ராஜீவ் காந்தி சாலையை ஒட்டி ஒரு பழைய மருத்துவமனை வளாகம் இருக்கிறது. சென்னைவாசிகள் வி.எச்.எஸ். என்று சுருக்கிச் சொல்லும் வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ். டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958-இல் தொடங்கிய அமைப்பு இது. வருமானத்துக்கு ஏற்ப ஒரு சிறு சந்தா கட்டினால் குடும்பத்துக்கே மருத்துவம் என்ற திட்டத்தை, மருத்துவக் காப்பீடு என்ற பேச்சு சாதாரணக் குடும்பங்களை எட்டாத காலத்திலேயே நடத்திக் காட்டிய இடம். அந்த வளாகத்துக்குள்தான் ரோட்டரி சென்ட்ரல் – டி.டி.கே. – வி.எச்.எஸ். ரத்த மையமும் இருக்கிறது.

இதுபோன்ற ஒரு ரத்த மையத்தின் குளிர்பெட்டியிலிருந்து வெளியே போகும் பைகளைப் பின்தொடர்ந்தால் பல வாசல்களுக்குப் போக வேண்டியிருக்கும். சில பைகள் பரம்பரை ரத்த நோயான தலசீமியா உள்ள குழந்தைகளுக்குப் போகும். அவர்களுக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். வேறு சில பைகள் இதய அறுவை அரங்குகளுக்குப் போகும். இரண்டு தேவையும் ஒரே குழந்தையின் பெயரில் வருவது அபூர்வம். வந்துவிட்டால், இதய மருத்துவரும் ரத்த நோய் மருத்துவரும் ரத்த மையத்தின் பொறுப்பாளரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசாமல் வேலை நடக்காது.

எவ்வளவு அபூர்வம்? இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.3 கோடி குழந்தைகள் பிறக்கின்றன. ஆயிரத்துக்கு எட்டு அல்லது ஒன்பது குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இதயக் குறை இருக்கும். அதாவது ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் பேர். ரத்தம் சரியாக உறையாத நோயான ஹீமோஃபிலியா ஏ, ஆண் குழந்தைகளில் ஏறக்குறைய 5,000-இல் ஒருவருக்கு. தலசீமியா மேஜரோடு பிறப்பவர்கள் ஆண்டுக்குச் சுமார் 10,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. இதயக் குறையும் ரத்த நோயும் தற்செயலாக ஒரே உடலில் சேர்வதைப் பெருக்கிப் பார்த்தால், ஹீமோஃபிலியாவோடு இதயக் குறையும் உள்ள ஆண் குழந்தைகள் ஆண்டுக்கு இருபது பேர் வரலாம். தலசீமியாவோடு என்றால் எண்பதுக்கு மேல். இது தாளில் போட்ட கணக்கு. ஆனாலும் ஒன்று விளங்குகிறது: தனித்தனியாகப் பார்த்தால் அரிது, நாட்டின் அளவில் பார்த்தால் ஒவ்வொரு வாரமும் எங்கோ ஒரு வீட்டில் இந்தச் சிக்கல் பிறந்துகொண்டிருக்கிறது.

இதயத்தில் ஓட்டையை அடைப்பது இன்று நன்றாகக் கைவந்த வேலை. சாதாரணக் குழந்தைக்குச் செய்யும் அதே தையல், அதே ஒட்டுதான் இந்தக் குழந்தைக்கும். கடினம் வேறு இடத்தில் இருக்கிறது. அறுவை நடக்கும்போது குழந்தையின் ரத்தத்தை என்ன பாடுபடுத்துகிறோம் என்று பார்த்தால் அது புரியும்.

1953 மே 6-ஆம் தேதி, அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன் என்ற அறுவை நிபுணர், 18 வயதுப் பெண் ஒருவரின் இதய மேலறைச் சுவரில் இருந்த ஓட்டையை மூடினார். இதய-நுரையீரல் இயந்திரத்தை முழுமையாக நம்பி வெற்றி கண்ட முதல் அறுவை அது. இன்றுவரை அடிப்படை மாறவில்லை. உடலிலிருந்து வரும் ரத்தம் பிளாஸ்டிக் குழாய் வழியாக வெளியே போகிறது, இயந்திரத்தில் ஆக்சிஜன் ஏற்றிக்கொள்கிறது, மறுபடி உடலுக்குள் வருகிறது. இடைப்பட்ட நேரத்தில் இதயம் நின்றிருக்கும். நின்ற இதயத்தில் தையல் போடலாம்.

ரத்தத்தின் பக்கம் நின்று பார்த்தால் இது ஒரு பெரிய தாக்குதல். பிளாஸ்டிக்கைத் தொட்டதும் உறைய வேண்டும் என்பது ரத்தத்தின் இயல்பு; அதைத் தடுக்க ஹெப்பாரின் மருந்தைத் தாராளமாகச் செலுத்துகிறார்கள். குழாய்களை நிரப்ப வேறு திரவம் தேவை. மூன்று கிலோ எடையுள்ள பச்சிளங்குழந்தையின் உடலில் மொத்தமே கால் லிட்டர் ரத்தம்தான் இருக்கும், இயந்திரத்தை நிரப்பவே கிட்டத்தட்ட அவ்வளவு தேவைப்படலாம். அதனால் ரத்தம் நீர்த்துப்போகிறது. உறுப்புகளைக் காப்பதற்காகப் பல அறுவைகளில் உடலைக் குளிர்விக்கிறார்கள். பம்பு உருளும்போதும் சிந்திய ரத்தத்தை உறிஞ்சி எடுக்கும்போதும் சிவப்பணுக்கள் அடிபடுகின்றன. தட்டணுக்கள் சோர்ந்துபோகின்றன. ஆரோக்கியமான ரத்தம் இவை எல்லாவற்றையும் தாங்கி, சில நாட்களில் மீண்டுவிடும். பரம்பரை ரத்தக் கோளாறு என்பது, இந்தத் தாக்குதல்களில் ஏதோ ஒன்றைத் தாங்க முடியாத ரத்தம். எது என்பதுதான் நோய்க்கு நோய் மாறும்.

ஹீமோஃபிலியாவை முதலில் எடுத்துக்கொள்ளலாம். ரத்தம் உறைவதற்குத் தேவையான எட்டாம் காரணியோ ஒன்பதாம் காரணியோ உடலில் இல்லை, அல்லது மிகக் குறைவு. பெற்றோர் சுருக்கமாக ‘ஃபேக்டர்’ என்பார்கள். பல் விழுந்தாலே ரத்தம் நிற்காத பிள்ளையின் மார்பெலும்பைத் திறப்பது எப்படி? விடை எளிது, செலவுதான் எளிதன்று. காரணியை வெளியிலிருந்து ஊசி வழியாகக் கொடுத்து, அறுவை நேரத்தில் இயல்பான அளவான 100 சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். எட்டாம் காரணியில் ஒரு கிலோ எடைக்கு ஒரு யூனிட் கொடுத்தால் ரத்தத்தில் அதன் அளவு சுமார் 2 சதவீதம் உயரும். 20 கிலோ எடையுள்ள சிறுவனுக்கு முதல் ஊசியிலேயே 1,000 யூனிட் போகும். அது 8 முதல் 12 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். எனவே மறுபடி, மறுபடி. தையல் ஆறும் வரை, பெரும்பாலும் பத்துப் பதினான்கு நாள்.

இயந்திரத்தோடு இணைத்ததும் இன்னொரு பிரச்சினை. ஊசியில் ஏற்றிய காரணியும் ரத்தத்தோடு சேர்ந்து நீர்த்துப்போகும். அதனால் இயந்திரத்தை நிரப்பும் திரவத்திலேயே காரணியைக் கலந்து வைப்பதுண்டு. இடையிடையே ரத்த மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நள்ளிரவில் காரணி அளவைப் பரிசோதித்துச் சொல்ல ஆள் இல்லாத மருத்துவமனையில், எவ்வளவு கெட்டிக்கார அறுவை நிபுணர் இருந்தாலும் இந்த அறுவையைத் தொடாமல் இருப்பதே நல்லது. சில குழந்தைகளின் உடல், ஏற்றிய காரணியையே எதிரியாகக் கருதி எதிர்ப்பொருளை உருவாக்கியிருக்கும். அப்படி இருந்தால் எத்தனை யூனிட் கொடுத்தாலும் பலிக்காது. வேறு மருந்து, வேறு திட்டம். இதை அறுவைக்கு முன்பே பார்க்காமல் விட்டால் பின்னால் பார்ப்பதற்கு நேரம் இருக்காது.

இங்கே ஒரு வேடிக்கையான முரண்பாடு. உறைய முடியாத ரத்தத்தை ஃபேக்டர் ஊசியால் உறையும் ரத்தமாக மாற்றுகிறோம். மாற்றிய கையோடு ஹெப்பாரின் கொடுத்து மறுபடி உறையாமல் செய்கிறோம். அறுவை முடிந்ததும் ப்ரோட்டமின் கொடுத்து ஹெப்பாரினை முறித்து, திரும்பவும் உறைய வைக்கிறோம். ‘இந்தப் பிள்ளைக்குத்தான் ஏற்கெனவே ரத்தம் உறையாதே, ஹெப்பாரின் எதற்கு?’ என்று கேட்கத் தோன்றும். ஹீமோஃபிலியா ரத்தம் காயத்தில் சரியாக உறையாதே ஒழிய, பிளாஸ்டிக் குழாய்க்குள் கட்டி தட்டாது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஆகவே ஹெப்பாரினைத் தவிர்க்க வழியில்லை.

ஹெப்பாரின் போதுமான அளவு போயிருக்கிறதா என்று அரங்கிலேயே பார்க்க ஏ.சி.டி. என்ற சோதனை இருக்கிறது. களிமண் வகைப் பொடி ஒன்றோடு ஒரு துளி ரத்தத்தைக் கலந்து, உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பது. 400, 480 விநாடியைத் தாண்டினால் இயந்திரத்தைத் தொடங்கலாம் என்பது பரவலான வழக்கம். பரம்பரை ரத்தக் கோளாறு உள்ளவர்களிடம் இந்த எண் பொய் சொல்லக்கூடும். அதற்கு நல்ல உதாரணம் ஜான் ஹேகமன் என்ற அமெரிக்க ரயில்வே தொழிலாளி. வயிற்றுப் புண் அறுவைக்காகச் சோதித்தபோது அவருடைய ரத்தம் கண்ணாடிக் குழாயில் உறையவே மறுத்தது. ஆனால் வாழ்நாளில் அவருக்கு ரத்தப்போக்குத் தொல்லை இருந்ததே இல்லை. ஆஸ்கர் ராட்னாஃபும் உடன் பணியாற்றியவரும் 1955-இல் அதைப் பற்றி எழுதினார்கள். பன்னிரண்டாம் உறைகாரணி அறிமுகமானது அப்படித்தான். அது இல்லாவிட்டால் சோதனைக் குழாயில் ரத்தம் உறையத் தாமதமாகும், உடலுக்குள் ஒன்றும் ஆகாது. ஹேகமன் 1968-இல் இறந்தது நுரையீரல் குழாயில் ரத்தக்கட்டி அடைத்ததால். இந்தக் குறை உள்ள குழந்தைக்கு ஏ.சி.டி. எண்ணை மட்டும் நம்பி ஹெப்பாரினைக் குறைத்தால் இயந்திரக் குழாயில் ரத்தம் கட்டிவிடும்.

ஹீமோஃபிலியாவுக்கு 2017-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று, பின்னர் உலகெங்கும் பரவிய எமிசிசுமாப் என்ற ஊசியும் இதே சோதனையைக் குழப்புகிறது. வாரத்துக்கு ஒருமுறையோ மாதத்துக்கு ஒருமுறையோ தோலுக்கு அடியில் போட்டுக்கொண்டால் போதும் என்பதால் பல குடும்பங்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் அது உடலில் இருக்கும்வரை ஏ.சி.டி. உண்மை நிலையைக் காட்டாது. ஹெப்பாரினின் வேலையை நேரடியாக அளக்கும் வேறு பரிசோதனை வேண்டும். பிள்ளைக்கு என்ன ஊசி, கடைசியாக எந்தத் தேதியில் போட்டோம் என்பதை மயக்க மருத்துவரிடம் சொல்ல வேண்டியதன் காரணம் இதுதான்.

இனி அரிவாள் செல் நோயைப் பார்க்க நீலகிரிக்குப் போகலாம். 1952-இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரிப் பழங்குடியினரின் ரத்தத்தைச் சோதித்து, அரிவாள் செல் பண்பு தென்னிந்தியாவில் இருப்பதாக அறிவித்தார்கள். இந்தியாவில் இந்த நோயின் வரலாறு தொடங்குவதே நம் மலைகளிலிருந்துதான். இன்றும் கூடலூர்ப் பழங்குடி மருத்துவமனையை நடத்தும் அஷ்வினி அமைப்பும், கோத்தகிரியை மையமாகக் கொண்ட நீலகிரி ஆதிவாசி நலச் சங்கமும் இந்த நோயாளிகளோடு வேலை செய்கின்றன. மத்திய அரசு 2023 ஜூலை 1-ஆம் தேதி மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கிய தேசியத் திட்டம், 2047-க்குள் இதை ஒழிப்பதை இலக்காகவும், 40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைச் சோதிப்பதை முதற்படியாகவும் வைத்திருக்கிறது.

அரிவாள் செல் நோயில் ஹீமோகுளோபின் எஸ் என்ற மாறிய வடிவம் இருக்கும். ஆக்சிஜன் குறைந்தால் அது ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீண்ட இழையாகும். வட்டமான சிவப்பணு அரிவாள்போல் வளைந்து விறைத்துச் சிறு குழாய்களை அடைக்கும். அமிலம் கூடினாலும், உடலில் நீர் வற்றினாலும், குளிரில் குழாய்கள் சுருங்கி ஓட்டம் மந்தமானாலும் இது மோசமாகும். இதய அறுவையில் என்னவெல்லாம் நடக்கின்றன என்று மேலே பார்த்தோம். குளிர்விப்பது, ஓட்டத்தைக் குறைப்பது, இதயத்துக்குப் போகும் ரத்தத்தைச் சற்றே நிறுத்துவது. அரிவாள் செல்லுக்கு ஆகாதவற்றையெல்லாம் தேடிப் பிடித்து ஒரே மேசையில் வைத்தாற்போல இருக்கிறது பட்டியல்.

செய்யப்படுவது இதுதான். அறுவைக்கு முன்பே குழந்தையின் ரத்தத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, கொடையாளர் ரத்தத்தை ஏற்றுகிறார்கள். ஹீமோகுளோபின் எஸ்ஸின் பங்கு 30 சதவீதத்துக்குக் கீழே வரவேண்டும் என்பது பலர் கடைப்பிடிக்கும் எல்லை. பெரிய அறுவைகளில் இன்னும் கீழே கொண்டுபோகிறவர்களும் உண்டு. சில மையங்களில் இதை இயந்திரத்தோடு இணைக்கும் அதே நிமிடத்தில் செய்துவிடுகிறார்கள்: குழந்தையின் ரத்தம் ஒரு பக்கம் பைக்குள் வடிய, இயந்திரத்தில் நிரப்பி வைத்த கொடையாளர் ரத்தம் மறுபக்கம் உள்ளே போகும். உடலை அதிகம் குளிர்விக்காமல் இயல்பான வெப்பத்திலேயே வைத்து முடிக்கப் பார்க்கிறார்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் ரத்தமாற்றம் தேவையா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. இதய அறுவையைவிடச் சிறிய அறுவைகளில் இதைச் சோதித்த ஓர் ஆய்வு 2013-இல் லான்செட் இதழில் வந்தது. முன்கூட்டியே ரத்தம் ஏற்றாதவர்களில் 39 சதவீதம் பேருக்கும், ஏற்றியவர்களில் 15 சதவீதம் பேருக்கும் சிக்கல்கள் வந்தன. வித்தியாசத்தைப் பார்த்து ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். இதய அறுவைக்கு இது நேரடிச் சான்று ஆகாது. ஆனாலும் திசையைக் காட்டுகிறது.

ஒரு சின்ன ஆறுதலும் உண்டு. பிறந்த குழந்தையின் ரத்தத்தில் பெரும்பகுதி கருக்கால ஹீமோகுளோபின், அது அரிவாளாகாது. எனவே பிறந்த சில வாரங்களில் செய்தே ஆகவேண்டிய இதய அறுவைகளின்போது இந்த நோய் பெரும்பாலும் தலைகாட்டுவதில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகுதான் கவலை கூடும். நீலகிரிப் பழங்குடியினர் உட்பட இந்திய நோயாளிகள் பலரிடம் கருக்கால ஹீமோகுளோபின் பெரியவர்களானபின்னும் ஓரளவு நீடிப்பதால் நோய் சற்றுத் தணிந்த வடிவில் இருப்பதுண்டு. அறுவை மேசையில் அதை நம்பி இருந்துவிட முடியாது என்பதும் உண்மை. இதயத்தில் ஓட்டையை மூடாமல் விடுவதும் ஆபத்துதான்: கால் சிரையில் உருவாகும் சிறு ரத்தக்கட்டி மேலறை ஓட்டை வழியாக இடப்பக்கம் தாண்டி மூளைக்குப் போய்விடலாம். அரிவாள் செல் குழந்தைக்கும் மண்ணீரல் அகற்றப்பட்ட தலசீமியா குழந்தைக்கும் ரத்தம் கட்டும் போக்கு கூடுதல் என்பதால் அந்தக் கதவை மூடுவது முக்கியம்.

தலசீமியாவில் சிக்கல் மெதுவானது. ஒரு பை ரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. நம் உடலால் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான் வெளியேற்ற முடியும். மீதி கல்லீரலிலும் நாளமில்லாச் சுரப்பிகளிலும் இதயத் தசையிலும் படியும். ஆகவே தலசீமியா பிள்ளையின் இதயத்தில் பிறவி ஓட்டை ஒருபுறம், இரும்பால் நைந்த தசை மறுபுறம். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் டி2 ஸ்டார் என்ற அளவைப் பார்த்து இதயத்தில் எவ்வளவு இரும்பு என்று சொல்லலாம். 20 மில்லிவிநாடிக்குக் கீழே போனால் எச்சரிக்கை, 10-க்குக் கீழே போனால் கடுமை. அப்படியானால் முதலில் இரும்பை இறக்கும் மருந்தைத் தீவிரப்படுத்தி, தசை தேறிய பிறகே அறுவை.

இங்கே மருத்துவர்கள் ஏமாறக்கூடிய ஓர் இடம் இருக்கிறது. கடும் சோகை உள்ள எந்தக் குழந்தையின் இதயமும் வேகமாக அடிக்கும், பெரிதாகும், ஸ்டெதாஸ்கோப்பில் முணுமுணுப்புச் சத்தமும் கேட்கும். ‘ரத்தம் கம்மி, அதனால் சத்தம்’ என்று எழுதிவிட்டால் உள்ளே இருக்கும் உண்மையான ஓட்டை மறைந்துபோகும். எக்கோ பார்த்தால் தெரிந்துவிடும் விஷயம். பார்க்கத் தோன்ற வேண்டும்.

இதற்கு நேரெதிராக ஏமாறும் இடமும் உண்டு. ஃபாலட் நால்குறை போன்ற, உடல் நீலம்பாரிக்கும் இதயக் குறைகளில், ஆக்சிஜன் போதாததால் எலும்பு மஜ்ஜை கூடுதல் சிவப்பணுக்களை உருவாக்கித் தள்ளும். அப்படிப்பட்ட குழந்தைக்கு ஹீமோகுளோபின் 17, 18 கிராம் இருப்பது எதிர்பார்ப்பு. அதே குழந்தைக்குத் தலசீமியாவோ இரும்புச்சத்துக் குறைவோ சேர்ந்திருந்தால் அளவு 12-இல் நிற்கும். ஆய்வகத் தாளில் 12 என்பது ‘நார்மல்’. நீலம்பாரித்த குழந்தையிடம் 12 என்பது சோகை.

மேலறையிலோ கீழறையிலோ ஓட்டையை மூடும் ஒட்டில் ஓரமாகச் சிறு கசிவு மிஞ்சினால், சீறிப் பாயும் ரத்தத்தில் சிவப்பணுக்கள் உடையும். சாதாரணக் குழந்தை இதைப் பொறுத்துக்கொள்ளும். சிவப்பணு உறையே பலவீனமான பரம்பரைக் கோளச் சிவப்பணு நோயிலும் தலசீமியாவிலும் இது மஞ்சள் காமாலையாகவும் இறங்கிக்கொண்டே போகும் ஹீமோகுளோபினாகவும் வெளிப்படலாம். ஜி6பிடி நொதிக் குறைபாட்டிலோ அறுவையைவிட மருந்துப் பெட்டிதான் ஆபத்து. நுரையீரல் அழுத்தம் எகிறினால் நைட்ரிக் ஆக்சைடு வாயு கொடுப்பார்கள். அது சில நேரம் ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க இயலாத வடிவமாக்கிவிடும். அதற்கு மாற்று மெத்திலீன் ப்ளூ. ஜி6பிடி குறைந்த பிள்ளைக்கு அந்த நீல மருந்தைக் கொடுத்தால் சிவப்பணுக்கள் மொத்தமாக உடைய ஆரம்பிக்கும்.

இதுவரை பேசியதெல்லாம் இரண்டு நோய்கள் தற்செயலாகச் சந்தித்த கதை. ஒரே மரபணுக் கோளாறு இதயத்தையும் ரத்தத்தையும் சேர்த்தே தாக்கும் குழந்தைகளும் உண்டு. 1963-இல் ஜாக்குலின் நூனன் என்ற குழந்தைகள் இதய மருத்துவர், நுரையீரல் வால்வு குறுகிய சில குழந்தைகளின் முகங்கள் ஒன்றுபோல் இருப்பதைக் கவனித்தார். இன்று நூனன் சிண்ட்ரோம் என்று அறியப்படும் இதில், பதினோராம் காரணிக் குறைவு, தட்டணுக் குறைபாடு என்று ரத்தம் உறைவதிலும் கோளாறு இருப்பது சகஜம். முன்கையின் ஆர எலும்பு இல்லாமல், தட்டணுக்களும் குறைந்து பிறக்கும் டி.ஏ.ஆர். சிண்ட்ரோம் குழந்தைகள் சிலருக்கு இதயக் குறையும் இருக்கும்.

இவற்றில் அதிகம் கற்றுத் தருவது 22-ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு காணாமல் போவதால் வரும் 22க்யூ11 நீக்கம். பிறவி இதயக் குறைகளில், குறிப்பாகப் பெருந்தமனி சார்ந்தவற்றில், இது அடிக்கடி தென்படும். காணாமல் போன துண்டில் தட்டணு ஒட்டுவதற்குத் தேவையான மரபணு ஒன்றும் இருக்கிறது. அதனால் தட்டணுக்கள் பெரிதாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் இருக்கும். தைமஸ் சுரப்பி சரியாக வளராததால் எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கலாம். அவர்களுக்கு ஏற்றும் ரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தித்தான் தரவேண்டும், இல்லாவிட்டால் கொடையாளரின் வெள்ளணுக்கள் குழந்தையின் உடலையே தாக்கும். கால்சியமும் இயல்பாகவே குறைவு. ரத்தப் பையில் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட், இருக்கும் கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். வேகமாக ரத்தம் ஏற்றினால் இதயத் துடிப்பே தடுமாறலாம். ஒரு மரபணுச் சோதனை முன்கூட்டியே செய்திருந்தால் ரத்த மையத்துக்குப் போகும் சீட்டில் இரண்டு வரி கூடுதலாக எழுதியிருப்பார்கள், அவ்வளவே.

பரம்பரை அல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது பரம்பரைபோல வேடமிடும். ஃபின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட் 1926-இல் ஆலண்ட் தீவுக் குடும்பம் ஒன்றில் கண்டுபிடித்த ரத்தப்போக்கு நோய் அவர் பெயரைத் தாங்குகிறது. அவர் பெயரால் அழைக்கப்படும் புரதம், ரத்தக்குழாய்க் காயத்தில் தட்டணுக்களை ஒட்ட வைக்கும் மிக நீண்ட சங்கிலி. இதயத்தின் சிறு ஓட்டை வழியாக ரத்தம் சீறிப் பாயும்போது அந்தச் சங்கிலி இழுபட்டு, வெட்டப்பட்டுத் துண்டாகிறது. பிறவி இதயக் குறை உள்ள குழந்தைகளிடம் மிகப் பெரிய சங்கிலிகள் காணாமல் போயிருப்பதை அமெரிக்க ஆய்வுக்குழு ஒன்று 1986-இல் வெளியிட்டது. ஓட்டையை அடைத்ததும் அவை திரும்ப வந்தன. இந்த ஒரு ரத்தக் கோளாறில் மட்டும் இதய அறுவைதான் மருந்து. பரம்பரை வான் வில்லிபிராண்ட் நோய் என்றால் அறுவைக்குப் பிறகும் அப்படியே இருக்கும். குடும்பத்தில் வேறு யாருக்காவது மூக்கிலிருந்து நிற்காமல் ரத்தம் வருமா என்ற கேள்வி இங்கே ஆய்வகச் சோதனை அளவுக்கு உதவும்.

மார்பைத் திறக்காமலே முடித்துவிட முடியாதா? பல நேரம் முடியும். தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்குக் கொண்டுபோய், உலோக வலையாலான சிறு அடைப்பானை ஓட்டையில் பொருத்திவிட்டு வரலாம். இயந்திரம் வேண்டாம், குளிர்விக்க வேண்டாம், ஃபேக்டரும் குறைவாகப் போதும். ரத்தக் கோளாறு உள்ள குழந்தைக்கு இதுவே முதல் தேர்வு என்று தோன்றும். ஆனால் அடைப்பான்மேல் ரத்தம் கட்டாமல் இருக்கச் சுமார் ஆறு மாதம் ஆஸ்பிரின் கொடுப்பது வழக்கம். ஹீமோஃபிலியா பிள்ளைக்கு ஆஸ்பிரின் என்றாலே ரத்த நோய் மருத்துவர்கள் தலையசைக்க மாட்டார்கள். ஒன்று ஆஸ்பிரினைக் குறைக்க வேண்டும், அல்லது அந்த மாதங்கள் முழுக்க ஃபேக்டரை ஒரு குறைந்தபட்ச அளவுக்கு மேலே வைத்திருக்க வேண்டும். உலோக வால்வு இன்னும் மோசம். வாழ்நாள் முழுக்க ரத்தத்தை இளக்கும் மாத்திரை வேண்டும். அதனால்தான் இந்தக் குழந்தைகளுக்கு வால்வை மாற்றாமல் முடிந்தவரை சரிசெய்யவும், முடியாதபோது திசு வால்வு வைக்கவும் பார்க்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இதய அறுவையும் ரத்த நோய் மருத்துவமும் வளர்ந்த கதை சுவையானது. சென்னைப் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் 1975-இல் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் இதய பைபாஸ் அறுவையைச் செய்தார். வேலூர் சி.எம்.சி.-யில் 1986-இல் டாக்டர் மாம்மன் சாண்டியின் குழு தலசீமியா குழந்தைக்கு எலும்பு மஜ்ஜை மாற்றியது. அதே சி.எம்.சி.-யில் டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவாவின் குழு கடும் ஹீமோஃபிலியா ஏ உள்ள ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை அளித்து, முடிவை 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியிட்டது. சிகிச்சைக்குப் பின் ஐவருக்குமே ரத்தக்கசிவு நின்றிருந்தது. அவர்கள் அனைவரும் பெரியவர்கள்; குழந்தைகளுக்கு இது வர இன்னும் காலம் பிடிக்கும்.

மஜ்ஜை மாற்றம் தலசீமியாவை வேரோடு எடுத்துவிடும் என்றால், முதலில் மஜ்ஜையா, இதயமா? பெரும்பாலும் இதயம்தான் முதலில். மஜ்ஜை மாற்றத்துக்கு முன் கொடுக்கும் கடுமையான மருந்துகளில் சில இதயத் தசையை நேரடியாகப் பாதிக்கும். திணறிக்கொண்டிருக்கும் இதயம் அதைத் தாங்காது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரை முழுமையாகாது. 2008-இல் தமிழக அரசு தொடங்கிய இளஞ்சிறார் இருதயப் பாதுகாப்புத் திட்டமும், 2009-இல் தொடங்கி இன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடப்பதும் ஏழைக் குழந்தைகளுக்கு இதய அறுவையை எட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்தன. ஹீமோஃபிலியாவுக்கான ஃபேக்டர் அரசு மருத்துவமனைகளில் இலவசம். இரண்டும் தனித்தனி வாசல்கள். இதய அறுவைக்கான தொகுப்புத் தொகையை நிர்ணயிக்கும்போது, அந்த அறுவையோடு இரண்டு வாரத்துக்கு ஃபேக்டரும் தேவைப்படும் ஒரு குழந்தையை மனத்தில் வைத்து யாரும் கணக்குப் போடுவதில்லை. இந்த இரு வாசல்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டும் என்பதே இந்தக் குழந்தைகளுக்கு இன்றைக்கு மிகவும் தேவையான சீர்திருத்தம்.

ரத்தம் பாதுகாப்பாக இருப்பதும் சும்மா வந்ததில்லை. இந்தியாவில் எச்.ஐ.வி.-யை முதன்முதலில் 1986-இல் கண்டறிந்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமன். பின்னாளில் அவர் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் எச்.ஐ.வி. சிகிச்சை மையம் இயங்கியதும் தரமணி வி.எச்.எஸ். வளாகத்தில்தான். உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் விற்பது நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. வாழ்நாளில் நூற்றுக்கணக்கான பைகள் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா குழந்தைக்கு ஒவ்வொரு பையும் ஓர் அபாயம். அந்த அபாயத்தைக் குறைத்தவர்கள் அறுவை அரங்குக்குள் வராதவர்கள்.

பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்குச் செலவும் அதிகமில்லை. குழந்தைக்கு இதய அறுவை என்று முடிவானதும், குடும்பத்தில் யாருக்காவது பல் பிடுங்கியபோது, சுன்னத்தின்போது, பிரசவத்தின்போது ரத்தம் நிற்காமல் போனதுண்டா, யாராவது சிறு வயதில் ரத்தம் ஏற்றிக்கொண்டார்களா, சொந்தத்திலேயே திருமணம் நடந்திருக்கிறதா என்பதை மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் சொல்லிவிட வேண்டும். சோகை இருக்கிறது என்றால் முதல் பை ரத்தம் ஏற்றுவதற்கு முன்பே ஹீமோகுளோபின் வகையைக் கண்டறியும் எச்.பி.எல்.சி. சோதனைக்கு மாதிரி எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஒருமுறை ரத்தம் ஏற்றிவிட்டால் கொடையாளரின் ஹீமோகுளோபின் கலந்துவிடும். அதன்பின் மூன்று மாதத்துக்கு அந்தச் சோதனையை நம்ப முடியாது.